புழுக்களுக்கு விருந்து வைக்காதீர்கள்

சமையலறைக் கழிவை மண்புழு தின்று உரமாக்கும் என்று நாம் எல்லாருமே கேள்விப்பட்டிருக்கிறோம். ‘மண்புழு உழவனின் நண்பன்’ என்று தமிழ்ப்பள்ளியில் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவள் நான். அந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன் ஒரு மண்புழுவையாவது கையில் எடுத்துப் பார்த்ததுண்டா என்று மட்டும் கேட்காதீர்கள்.

மண்புழு கழிவைத் தின்னும் என்பது பாதி உண்மைதான். அந்தப் பாதியை முழு உண்மையென்று நம்பி, “நீங்க எதப் போட்டாலும் அதுங்க சாப்பிடும் பாட்டி” என்று வீட்டில் சொல்லிவிட்டு நான் விடுதிக்குத் திரும்பிவிட்டேன். 2023-ஆம் ஆண்டுத் தீபாவளி முடிந்த அதே வாரத்தில் எங்கள் பெட்டியில் இருந்த மண்புழுக்கள் எல்லாம் செத்துப்போயின. வீட்டில் மண்புழு வளர்ப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் சொல்லப்போகிறேன். அதற்கு முன் நான் சொல்லாமல் விட்ட அந்த மறுபாதியை விளக்கியாக வேண்டும்.

எங்கள் வீடு கெடா மாநிலம் சுங்கைப் பட்டாணியில், மின்தூக்கி இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்காம் மாடியில் உள்ளது. குப்பைப் பையைக் கீழே கொண்டுபோவது என் வேலை. பை எங்காவது கிழிந்திருந்தால் நான்காம் மாடியிலிருந்து தரைத்தளம் வரை படிகளில் சொட்டுச் சொட்டாகக் கோலம் போட்டதுபோல் இருக்கும். அந்தக் கோலத்தைத் துடைப்பதும் என் வேலைதான். பழத்தோலும் கீரைத்தண்டும் தேயிலைச் சக்கையும் இல்லாவிட்டால் பையில் இவ்வளவு நீர் இருக்காதே என்ற எண்ணத்தில்தான் இந்த முயற்சியே தொடங்கியது. சுற்றுச்சூழலைக் காப்பாற்ற வேண்டும் என்ற உயர்ந்த நோக்கமெல்லாம் பிறகு வந்தது.

எங்கள் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து வீட்டின் பின்புறம் ஒரு குப்பைக்குழி இருந்ததாகவும், அதில் வாழையும் மிளகாயும் தாமே முளைத்துக்கொண்டதாகவும் சொல்வார். தோட்டத்தைவிட்டு வந்தபின் அவருக்கு மிஞ்சியவை நடைபாதையில் மூன்று பூச்சாடிகள்தாம். ஒன்றில் கறிவேப்பிலை, ஒன்றில் கற்பூரவள்ளி, இன்னொன்றில் பண்டான். பகலில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட, அந்த மூன்றோடுதான் அவர் பேசிக்கொண்டிருப்பார்.

நாட்டு நிலவரத்தையும் சற்றுப் பார்த்துவிடுவோம். 2007-இல் இயற்றப்பட்ட திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டத்தை (சட்டம் 672) ஏற்றுக்கொண்ட மாநிலங்களில், 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயமானது. கெடாவும் அவற்றுள் ஒன்று. தாள், நெகிழி, கண்ணாடி, உலோகம் ஆகியவற்றைத் தனியே எடுத்து வைக்கிறோம். ஆனால், ஈரக் கழிவு ‘எஞ்சிய குப்பை’ என்ற பெயரில் எப்போதும்போல் குப்பைமேட்டுக்கே போகிறது. அது சிறிய பங்குமன்று. 2012-இல் அரசாங்கம் மேற்கொண்ட ஆய்வில், மலேசிய வீடுகள் வீசும் குப்பையின் எடையில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவு எனத் தெரியவந்தது. குப்பைமேட்டில் டன் கணக்கான குப்பைக்கு அடியில் காற்றில்லாமல் நசுங்கி அழுகும் உணவு, மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது.

‘காற்றில்லாமல் அழுகும்’ என்ற சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெட்டியில் நடந்ததும் அதுவேதான்.

மண்புழுவுக்குப் பல் கிடையாது. புதிதாக நறுக்கிய கேரட் துண்டை அதன் முன் வைத்தால் அதைக் கடிக்க முடியாது. அந்தத் துண்டின்மேல் முதலில் குடியேறுபவை பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும்தாம். அவை அதை இளக்கிக் கூழாக்குகின்றன. அந்தக் கூழையும், கூழில் பெருகியிருக்கும் நுண்ணுயிர்களையும் சேர்த்துத்தான் புழு உறிஞ்சி விழுங்குகிறது. விழுங்கியது, கோழிக்கு இருப்பதைப் போன்ற ஓர் அரைவைப்பைக்குப் போகிறது. புழு விழுங்கிய மணல் துகள்கள் அங்கே அம்மிக்கல்லாக இருந்து உணவை அரைக்கின்றன. ஆக, நாம் போடுவது புழுவின் சாப்பாடன்று. புழுவின் சாப்பாட்டுக்கு அது சாப்பாடு.

இதைப் பாட்டிக்கு எப்படிச் சொல்வதென்று நான் மிகவும் யோசித்தேன். அவரே சொல்லிவிட்டார். “அப்ப இதுங்க பழைய சோறு சாப்பிடுற ஆளுங்க. சுடுசோறு ஆகாது.” இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லி நான் படித்ததில்லை.

மண்புழுவுக்கு நுரையீரலும் இல்லை. அது தோலால் மூச்சு விடுகிறது. தோல் எப்போதும் ஈரமாக இருந்தால்தான் காற்றிலுள்ள உயிர்வளி அதன்வழி உள்ளே போகும். தோல் காய்ந்தால் புழு செத்துவிடும். ஈரம் மிகுந்து காற்றுக்கு இடமில்லாமல் போனாலும் செத்துவிடும். மண்புழு வளர்ப்பு என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெட்டியை வைத்திருப்பதுதான்.

இனி அந்தத் தீபாவளிக்கு வருவோம். எங்கள் வீட்டில் இரண்டு நாள்கள் திறந்த இல்ல உபசரிப்பு. சோறு, பருப்பு, கூட்டு, இட்லி என்று நிறைய மிஞ்சிவிட்டது. செவ்வாய்க்கிழமை நான் விடுதிக்குப் புறப்பட்டேன். மிஞ்சிய சோற்றைக் குப்பையில் கொட்டப் பாட்டிக்கு மனம் வரவில்லை. எதைப் போட்டாலும் சாப்பிடும் என்று பேத்தி சொல்லியிருக்கிறாள். நல்ல நாளும் அதுவுமாக அந்தச் சீவன்களும் சாப்பிடட்டுமே என்று, ஏறத்தாழ நான்கு கிலோ சோற்றையும் குழம்பையும் பெட்டியில் போட்டு மூடிவிட்டார்.

பெட்டியில் இருந்தவை அரைக் கிலோ புழுக்கள். மண்புழு நாளொன்றுக்குத் தன் எடையில் பாதியளவு தின்னும் என்பார்கள். எல்லாம் சரியாக அமைந்தால்தான் அது நடக்கும். புதிய பெட்டியில் கால்பங்கு என்று கணக்கிடுவதே நல்லது. அப்படியென்றால் அரைக் கிலோ புழுவுக்கு நாளொன்றுக்கு 125 கிராம். நான்கு கிலோ என்பது ஒரு மாதத்துக்கு மேற்பட்ட சாப்பாடு. அதுவும் வெந்த சோறு. வெந்த சோறு தளர்வாக நிற்காது. பிசைந்த மாவுபோல் படிந்து காற்றுப்போகும் வழிகளையெல்லாம் அடைத்துவிடும். அடைபட்ட இடத்தில் காற்று தேவைப்படாத நுண்ணுயிர்கள் பெருகும். சோறு புளித்து அமிலமாகும், சூடும் ஏறும். குழம்பிலுள்ள உப்போ புழுவின் ஈரத் தோலிலிருந்து நீரை இழுத்துவிடும். அந்தப் புழுக்களுக்கு எந்தப் பக்கமும் வழியில்லை.

வெள்ளிக்கிழமை கீழ்வீட்டு மக்சிக் மேலே வந்து, மிகவும் பணிவாக, வீட்டில் ஏதும் செத்துக்கிடக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அம்மா மூடியைத் திறந்தபோது உள்ளே புழுக்களே இல்லையாம். செத்த மண்புழு விரைவில் கரைந்துவிடும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. தப்பி ஏறிய சில மட்டும் சுவரில் காய்ந்த நூல்போல ஒட்டிக்கொண்டிருந்தன. பாட்டி என்னிடம் தொலைபேசியில் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் சொன்னார். நல்ல நாளில் உயிரைக் கொன்றுவிட்டேனே என்று பாட்டி அன்று இரவு சாப்பிடவில்லையாம். கொன்றது அவரல்லர். நான் சொன்ன ஒரு வாக்கியம்தான் கொன்றது.

அதன்பின் பெட்டியைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. எஞ்சிய சேற்றை அம்மா வெயிலில் உலர்த்தி, கறிவேப்பிலைச் சாடியில் கொட்டியிருந்தார். டிசம்பர் இறுதியில் அந்தச் சாடியைக் கிளறிய பாட்டி, “இங்க வாம்மா, இது என்னான்னு பாரு” என்று கூப்பிட்டார். தையல் நூலைவிட மெல்லியதாக, இளஞ்சிவப்பு நிறத்தில் நான்கைந்து குட்டிப் புழுக்கள். மண்புழு முட்டைகளை ஒரு கூட்டுக்குள் வைத்து மூடிவிட்டுப் போகிறது. கடுகைவிடச் சற்றே பெரிதாக, எலுமிச்சம்பழ வடிவில் இருக்கும் அந்தக் கூடு, தாய்ப்புழு தாங்காததையும் சில வேளைகளில் தாங்கிவிடும். அவற்றில் ஒன்றிரண்டு சேற்றில் தப்பியிருக்க வேண்டும். பொங்கலுக்குப் பிறகு மீண்டும் பெட்டி வைத்தோம். இந்த முறை பாட்டி என்னை முதலில் முழுதாக விளக்கச் சொன்னார்.

சரி, பெட்டிக்கு வருவோம். மூடியுள்ள நெகிழிப் பெட்டி ஒன்று போதும். எங்களுடையது 45 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம். ஆழம் 30 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். இந்தப் புழுக்கள் மேல்மட்டத்தில் வாழ்பவை என்பதால் ஆழத்தைவிடப் பரப்புதான் முக்கியம். அடியில் நீர் வடியவும், பக்கங்களில் மேற்புறமாகக் காற்றுப் போகவும் துளைகள் இட வேண்டும். ஆணியைச் சூடாக்கிக் குத்தினாலே துளை விழும். கீழே ஒரு தட்டு வைத்து, நான்கு செங்கல் துண்டுகளின்மேல் பெட்டியைத் தூக்கி வையுங்கள். வெயில் படாத இடமாக இருக்க வேண்டும். நம் ஊர் நண்பகல் வெயிலில் மூடிய நெகிழிப் பெட்டி அடுப்பாகிவிடும்.

அடுத்தது படுக்கை. இதைத்தான் தொடங்குபவர்கள் பலர் அலட்சியம் செய்கிறார்கள், நானும் செய்தேன். படுக்கை என்பது புழு புரள்வதற்கு மட்டுமன்று, பெட்டிக்குள் காற்றையும் ஈரத்தையும் பிடித்துவைப்பதே அதுதான். கிழித்த நாளிதழ், முட்டை அட்டை, தேங்காய் நார்த்தூள், காய்ந்த இலைதழை எதுவானாலும் சரி. பளபளப்பான வண்ணத்தாள் வேண்டாம். தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கையில் இறுக்கினால் ஒன்றிரண்டு சொட்டு வருமளவு ஈரத்தோடு பெட்டியில் முக்கால்வாசி நிரப்புங்கள். ஒரு கைப்பிடி தோட்டமண்ணும் போடுங்கள். அரைவைப்பைக்கு மணல் வேண்டுமல்லவா? எங்கள் வீட்டில் நாளிதழ் கிழிக்கும் பொறுப்பு பாட்டியுடையது. அவர் தமிழ் நாளிதழை முதலில் ஒருமுறை புரட்டிச் சாமி படம் உள்ள பக்கங்களையெல்லாம் எடுத்து வைத்துவிடுவார். சில வெள்ளிக்கிழமைகளில் கிழிக்க மிஞ்சுவது விளையாட்டுச் செய்திப் பக்கம் மட்டும்தான்.

வாழையிலைச் சாப்பாடு முடிந்தபின் இலையைக் கழுவிக் கிழித்துப் போட்டால் அது மிக நல்ல மேல்போர்வை. இரண்டு மூன்று வாரங்களில் நரம்பு மட்டும் மிஞ்சும்.

எந்தப் புழு? வாய்க்கால் ஓரம் தோண்டி எடுத்த புழுவைப் பெட்டியில் போட்டால் பெரும்பாலும் பயனில்லை. மண்ணுக்குள் ஆழமாகத் துளையிட்டு மண்ணைத் தின்று வாழும் வகைகள் பெட்டியில் தங்குவதில்லை. அழுகும் இலைதழைக்கு நடுவே மேலாக வாழும் வகையே நமக்கு வேண்டும். குளிர்நாட்டு நூல்களில் ‘ஐசீனியா ஃபெட்டிடா’ என்னும் சிவப்புப் புழுவைப் பரிந்துரைப்பார்கள். அது நம் வெப்பத்தில் சிரமப்படும். இங்கே பெரும்பாலும் கிடைப்பது மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ‘யூட்ரிலஸ் யூஜெனியே’. விரல் நீளத்துக்கு மேல் வளரும், நன்றாகத் தின்னும். அதோடு கலந்து வருவது ‘பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ்’. மெலிந்த உடல், வெளிச்சத்தில் நீலம் மின்னும். இது நம் ஆசிய மண்ணுக்குரியது. சென்னைப் புதுக்கல்லூரியில் பணியாற்றிய மண் உயிரியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில், வெளிநாட்டுப் புழுவைத் தேடி ஓடாமல் உள்ளூர்ப் புழுக்களைப் பயன்படுத்தலாம் என்று தொடர்ந்து வலியுறுத்தியவர். அவர் பரிந்துரைத்தவற்றில் இந்த நீலப்புழுவும் ஒன்று.

ஆனால், நீலப்புழுவுக்கு ஒரு குணமுண்டு. கனமழை வரப்போகிறதென்றால் கூட்டமாகப் பெட்டியைவிட்டுக் கிளம்பிவிடும். 2024-இல் ஒரு மழையிரவில், விடியற்காலை நாசி லெமாக்குக்குத் தேங்காய் துருவ எழுந்த அம்மா, சமையலறைத் தரை முழுக்கப் புழுக்களைப் பார்த்துவிட்டு நாற்காலிமேல் ஏறி நின்றார். அன்று பெட்டி வீட்டைவிட்டே போயிருக்கும். பாட்டிதான் துடைப்பமும் முறமுமாக வந்து எல்லாவற்றையும் திரும்ப அள்ளிப் போட்டார். புழுவுக்குக் கண் இல்லை என்றாலும் அதன் தோல் வெளிச்சத்தை உணரும், வெளிச்சத்துக்கு அஞ்சும். மழைக்காலத்தில் பெட்டிக்கு மேலே ஒரு சிறு விளக்கை எரியவிட்டால் அவை உள்ளேயே இருந்துவிடுகின்றன. இன்றும் வானம் இருட்டினால் அம்மாவே போய் அந்த விளக்கைப் போட்டுவிடுகிறார். அன்பினால் அன்று, அச்சத்தினால்.

புழுக்களை விட்ட முதல் வாரம் ஒன்றும் போடாதீர்கள், அல்லது ஒரு கைப்பிடி மட்டும் போடுங்கள். பிறகு, கழிவைச் சிறிதாக நறுக்கி, ஒரு மூலையில் குழி பறித்துப் புதைத்து, மேலே காய்ந்த நாளிதழால் மூடுங்கள். அடுத்த முறை அடுத்த மூலை. நான்கு மூலையும் சுற்றி முதல் மூலைக்கு வரும்போது தோண்டிப் பாருங்கள். போட்டது இன்னும் உருத்தெரிகிறதா? அப்படியானால் அன்று ஒன்றும் போடக்கூடாது. இந்த ஒரு விதியைப் பின்பற்றினால் நிறுவைக்கூட வேண்டியதில்லை. குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் ஓரிரவு வைத்து எடுத்த பழத்தோல் விரைவாகக் கூழாகும். பழ ஈயின் முட்டைகளும் பெரும்பாலும் அழிந்துவிடும். (எங்கள் வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து ஏமாந்துபோகும் தம்பி ஒருவன் இருக்கிறான்.) போடும் கழிவின் அளவுக்குக் காய்ந்த தாளும் சேர வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

நம் சமையலறையில் கிடைப்பவற்றுள் புழுக்கள் மிகவும் விரும்புபவை வாழைப்பழத் தோல், பப்பாளித் தோலும் விதைச் சதையும், பூசணிக்காயின் உள்சதை, தர்பூசணித் தோல், கீரைக் காம்பு. தேயிலைச் சக்கையும் காப்பித்தூளும் நல்லவைதாம். ஆனால், தே தாரிக் கலக்கிய பால், சீனி கலந்த சக்கையைப் போட்டால் எறும்புக்கு அழைப்பிதழ் அனுப்பியதுபோலாகும். முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடியாக்கித் தூவினால் புளிப்பு குறையும். புழுவின் அரைவைப்பைக்கும் உதவும். வெங்காயம், பூண்டுத் தோல்களை அவை கடைசிவரை ஒதுக்கிவைக்கும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் சிறிதளவுக்கு மேல் வேண்டாம். ஊறுகாய், சம்பல், குழம்பு, பொரித்தது, எண்ணெய் பட்டது எதுவும் கூடாது. இறைச்சி, மீன், எலும்பு கூடவே கூடாது. நாற்றமும் எலியும் வரும்.

தேங்காய்ச் சக்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பால் பிழிந்த சக்கை நம் வீடுகளில் நாள்தோறும் மிஞ்சுவது. பார்ப்பதற்குப் புழுவுக்கு ஏற்ற மெல்லிய பூவாக இருக்கும். ஆனால், அதில் இன்னும் எண்ணெய் இருக்கிறது. குவித்துப் போட்டால் சூடேறி, சிக்கெடுத்த நாற்றம் அடிக்கும். ஒரு பிடியை நன்றாகக் காயவைத்துப் பெட்டி முழுக்கப் பரவலாகத் தூவினால் தொல்லையில்லை. சோறும் அப்படித்தான். உப்பில்லாத வெறுஞ்சோறு ஒரு மேசைக்கரண்டியளவு இருந்தால் அவை மகிழ்ச்சியாகவே தின்கின்றன. கெடுதல் சோற்றிலன்று, அளவில்.

பெட்டி நாறினால் அது புழுவின் நாற்றமன்று. நல்ல பெட்டியில் மழை பெய்த மண்ணின் மணம்தான் இருக்கும். புளித்த வாடையோ அழுகல் வாடையோ வந்தால் உணவு போடுவதை நிறுத்தி, மிஞ்சியதை எடுத்துவிட்டு, காய்ந்த தாளைக் கலந்து கிளறி, மூடியை ஒருக்களித்து வையுங்கள். எறும்பு வந்தால் பெட்டி காய்ந்திருக்கிறது என்று பொருள். செங்கற்களின் கீழே நீர் ஊற்றிய தட்டுகளை வையுங்கள். கொழுத்த, சாம்பல் நிறத்தில், தட்டையாகக் கண்டம் கண்டமாக நெளியும் புழுக்கள் தோன்றினால் அவை கறுப்புப் படைவீரன் ஈயின் குஞ்சுகள். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் அவை தீங்கு செய்வதில்லை, நம் புழுவைவிட வேகமாகவே தின்னும். ஆனால், அவை வந்திருக்கின்றன என்றால் ஈரமும் உணவும் மிகுந்துவிட்டன என்று பொருள்.

மூன்று நான்கு மாதங்களில் படுக்கை முழுவதும் காப்பித்தூள் போன்ற கரிய மண்ணாகியிருக்கும். எல்லாவற்றையும் ஒருபக்கம் ஒதுக்கி, மறுபக்கத்தில் புதுப்படுக்கை போட்டு அங்கு மட்டும் உணவு வையுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலான புழுக்கள் தாமே இடம்பெயர்ந்துவிடும். எஞ்சிய மண்ணை அள்ளி, ஐந்து பங்கு சாடி மண்ணுக்கு ஒரு பங்கு கலந்தால் போதும். இதை மந்திரப் பொடியாகப் பேசுகிறவர்கள் உண்டு. கடை உரத்தைப் போல் இதில் தழைச்சத்து செறிவாக இருப்பதில்லை. மண்ணைப் பொலபொலப்பாக்குவதும், ஈரத்தைப் பிடித்துவைப்பதும், சத்தைச் செடி எடுத்துக்கொள்ளக்கூடிய நிலையில் மெதுவாகக் கொடுப்பதும்தான் இதன் சிறப்பு. அடித்தட்டில் வடியும் கறுப்புநீரைப் ‘புழுத் தேநீர்’ என்று சொல்லி விற்பதைப் பார்த்திருக்கிறேன். அது அரைகுறையாக அழுகிய நீர்தான். பத்து மடங்கு தண்ணீர் கலந்து பூச்செடிக்கு ஊற்றலாம். சாப்பிடும் கீரைமேல் தெளிக்காதீர்கள்.

கணக்கியல் மாணவி என்பதால் ஒரு கணக்கையும் காட்டிவிடுகிறேன். ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டில், ஒரு வாரம் நிறுத்துப் பார்த்ததில், புழுவுக்கு ஏற்ற பச்சைக் கழிவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 கிராம். முதல் பெட்டி எடுத்துக்கொண்டது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இப்போது மூன்று பெட்டிகள் உள்ளன. புழுக்களும் பெருகிவிட்டதால் பாதிக்கு மேல் போகிறது. மீதி இன்றும் கீழேதான் போகிறது. படிகளில் கோலம் விழுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

தமிழ் மொழிக் கழகத்தின் இதழில் புழுவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். மண்புழுவுக்குத் தமிழில் ‘நாங்கூழ்’ என்றொரு பழைய பெயர் உண்டு. மண்புழுக்கள் மண்ணை எப்படி உருவாக்குகின்றன என்பதைப் பற்றி சார்லஸ் டார்வின் 1881-இல் நூல் வெளியிட்டார். சரியாகப் பத்தாண்டுகள் கழித்து, 1891-இல் பெ. சுந்தரம் பிள்ளை வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்தில், நடராசன் என்னும் பாத்திரம் ஒரு நாங்கூழ்ப் புழுவைப் பார்த்து நின்று, அதன் உழைப்பை வியந்து அதனிடமே பேசுகிறது. இதைப் பாட்டியிடம் சொன்னேன். அவர் பிறந்ததிலிருந்து அதை ‘நாக்குப்பூச்சி’ என்றுதான் சொல்லி வந்திருக்கிறார். தோட்டத்து மருந்தகத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்பூச்சிக்கு மருந்து கொடுத்தபோதும் அதே பெயர்தானாம். தொடக்கத்தில் அவர் பெட்டியருகே வரவே கூசியதற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இப்போது வெளியாள்களிடம் பேசும்போது மட்டும் ‘நாங்கூழ்’ என்கிறார்.

கல்வித் தவணை தொடங்கி நான் விடுதிக்கு வந்துவிட்டால் மூன்று பெட்டிகளும் பாட்டியின் பொறுப்பு. வெளியூர் போனால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். போகுமுன் சற்று உணவு புதைத்து, ஈரத் தாளால் மூடிவிட்டுப் போனால் இரண்டு மூன்று வாரங்களுக்குப் புழுக்களுக்கு ஒன்றும் ஆகாது. படுக்கையையே தின்றுகொண்டிருக்கும். சென்ற வாரம் பாட்டி தொலைபேசியில் பெட்டி நிலவரம் சொன்னார். எதிர்வீட்டுத் திருமண விருந்தில் மிஞ்சிய சோற்றை ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கொண்டுவந்து, உங்கள் புழுக்களுக்குப் போடுங்கள் என்று கொடுத்தார்களாம்.

“என்ன பாட்டி செஞ்சீங்க?”

“ஒரு கரண்டி எடுத்துக்கிட்டேன். மிச்சத்த திருப்பிக் கொடுத்துட்டேன். மூணாவது பெட்டியில முந்தாநேத்து போட்ட பப்பாளித் தோலே இன்னும் அப்படியே கெடக்கு. இன்னைக்கு அதுக்கு ஒண்ணும் கெடையாது.”